வாலாட்டியின் நான்காம் திருகாணி

வாழ்க டெஸ்மண்ட் ஹக்கர்பி! டிப்பர்லி நகரத்துக் கால்வாய்த் தெருவில், இருபத்தேழாம் எண் செங்கல் மனையில், எழுபத்தோராம் அகவையில் எழுந்தருளியிருக்கும் ஏந்தல் வாழ்க! முப்பத்தெட்டு ஆண்டுகள் நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை வகுத்து, வாராத பேருந்துக்கும் வரும் நேரம் குறித்தளித்த வாய்மையாளன் வாழ்க! வெயில் எறிக்கும் நாளிலும் மழையங்கி களையாத முன்மதியன், அண்டை வீட்டான் வேலியை நான்கு அங்குலம் தள்ளி நட்டபோது வாயால் ‘பரவாயில்லை’ என மொழிந்து மனத்தால் பதினாறு ஆண்டுகள் பொருத மானமறவன், திருப்புளி ஏந்திய திண்தோளன், அவன் புகழ் நீடு வாழ்க!

பழைய எந்திரம் ஒன்று உண்டாயின் அதனின்று ஒழுகும் எண்ணெயும் உண்டு. ஒழுகும் எண்ணெய் உண்டாயின் அதனைத் தாங்கும் தகரமும் உண்டு. சொட்டுச் சொட்டாய் வீழ்வதையெல்லாம் சினவாது ஏற்று, அருங்காட்சியகத் தரையின் தூய்மை காக்கும் பிஸ்கட் டப்பா மூடியே, உன்னை முதற்கண் வணங்குகிறோம். இக்காவியம் இடையில் கசியாது காத்தருள்க.

ஆயிரம் யானையைக் களத்தில் அட்ட வீரனுக்குப் பரணி பாடினர் பண்டைப் புலவர். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றப் புகுந்த வீரனுக்கு எவ்வகைப் பா பாடுவதென இலக்கண நூலார் எவரும் விதி வகுத்திலர். ஆதலின் குற்றம் காணின் கற்றோர் பொறுத்தருள்க.

இனிப் போர் நிகழ்ந்த களத்தின் பெருமை உரைப்போம். டிப்பர்லி நகர அருங்காட்சியகத்தின் மேல்மாடத்தில், முன்னாளில் நூலகமாய் விளங்கிப் பின்னர்க் குழாய் வெடித்து வெள்ளம் புகுந்தமையால் நூல்களைத் துறந்த கூடத்தில், பதினொரு ஸ்கூட்டர்கள் அணிவகுத்து நின்றன. அனைத்தும் இங்கிலாந்து நாட்டார் தம் கையால் சமைத்தவை; அனைத்தும் அரியவை. அரியவை ஆனமைக்குக் காரணம் எளிது: வெளிவந்த நாளில் அவற்றை எவரும் வாங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இத்தாலி நாட்டார் மான்போல் துள்ளும் ஸ்கூட்டர்களைக் கப்பலேற்றி அனுப்பி இந்நாட்டு இளைஞர் நெஞ்சங்களைக் கொள்ளைகொண்டபோது, நாட்டின் நடுப்பகுதியாம் மிட்லண்ட்ஸின் பட்டறைத் தலைவர்கள் மானம் பொறாது வெகுண்டெழுந்து, மேசையைக் குத்தி, தேநீர் சிந்தி, ‘நாமும் படைப்போம்’ எனச் சூளுரைத்து, சமையலறை அலமாரிக்குச் சக்கரம் பூட்டினாற்போன்ற ஊர்திகளைப் படைத்தனர். எருமைக்கடாவினும் பருத்த ஃபென்விக் பம்பிள்பீ அங்கே நின்றது. மேடு கண்டவிடத்து, ஓட்டுவோன் தன்மேல் ஏறுதல் ஒழிந்து, தான் அவன்மேல் ஏறும் ஆர்க்ரைட் டார்மவுஸ் நின்றது. இடப்புறம் திரும்பும் வல்லமை மட்டுமே வாய்க்கப்பெற்று, வீட்டுக்கு வலப்புறம் திரும்ப வேண்டியவரை மும்முறை இடப்புறம் சுற்றவைத்த ஆல்டர்மன் நின்றது.

இவற்றின் நடுநாயகமாய், பாலாடை வண்ணமும் பட்டாணிப் பசுமையும் தோய்ந்த மேனியளாய், உலகில் மூன்றே எஞ்சிய குலத்தின் முத்தாய் வீற்றிருந்தாள் மெரிவேல் வேக்டெய்ல். வேக்டெய்ல் என்பது வாலாட்டிக் குருவி; விரைவு மிகுந்தால் பின்சக்கரம் இடமும் வலமும் ஆடுமாதலின் அப்பெயர் சாலப் பொருந்திற்று என்பர் அறிந்தோர்.

அவ்வாலாட்டியின் முன்தகட்டில், மார்பில் அணிந்த பதக்கம் போல் ஒரு பெயர்த்தகடு. அதன் நான்கு மூலையிலும் நான்கு திருகாணிகள். மூன்றின் தலையில் மெரிவேல் பட்டறை மரபுப்படி ஒற்றைக் கோடு வெட்டப்பட்டிருந்தது. நான்காவதன் தலையில், அந்தோ, கூட்டல் குறி!

இருபத்தாறு திங்களுக்கு முன், மனைவி பாலின் பறவை பார்க்க வைத்திருந்த தொலைநோக்கியை இரவல் வாங்கி, ஊர்திகளைச் சூழக் கட்டிய கயிற்றுக்கு வெளியே குப்புறக் கிடந்து நோக்கிய டெஸ்மண்டின் கண்ணில் அக்கூட்டல் குறி பட்டது. பட்ட அக்கணமே உண்ட முட்டை சாண்ட்விச் தொண்டையில் நின்றது, உலகு சுழன்றது, ஐம்பூதங்களும் இடம் மாறின. மெரிவேல் பட்டறை வாழ்ந்த ஐந்தாண்டிலும் கூட்டல் தலைத் திருகாணி அதன் வாயிற்படி மிதித்ததில்லை. அன்னப்பறவைக் கூட்டத்தில் காக்கை அமர்ந்தால் அதனைப் பறவையென்று சொல்லிப் பொறுக்கலாம். மூன்று ஒற்றைக்கோட்டின் நடுவே ஒரு கூட்டல் குறியை யாங்ஙனம் பொறுப்பது?

பொறுத்திலன். அருங்காட்சியகத்தாருக்கு ஏழு மடல் வரைந்தான். ‘தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது’ என ஏழு மறுமொழி வந்தன. பின்னர், மிட்லண்ட்ஸ் பழைய ஸ்கூட்டர் கழகத்தின் காலாண்டிதழில், அவ்வாலாட்டியைப் பழுது நீக்கிப் புதுக்கி அருங்காட்சியகத்துக்கு அளித்த நெவில் காட்ரலைப் பெயர் சொல்லியே சாடினான். நெவில் காட்ரல் எளியவன் அல்லன். நரைமீசை திருகிய நல்லான், ஈராண்டுக்கு ஒருமுறை கழகச் செயலாளனாய்த் தெரிவாகும் தோல்வியறியாத் தோன்றல். அவன் அடுத்த இதழில் விடுத்த மறுமொழி இது: ‘நான்கும் ஒற்றைக்கோட்டுத் திருகாணிகளே, என் கையால் நானே பூட்டினேன். ஐயமுடையோர் கண் மருத்துவரை நாடுக.’ நேரில் சென்று பார்ப்பதோ எனின், அது தன் கையைத் தானே ஐயுற்றதாகும் எனக் கருதி, இருபத்தாறு திங்களும் அவன் அருங்காட்சியகத்தின் பக்கமே தலைவைத்துப் படுத்திலன். இங்ஙனம் ஒருவன் கண்ணும் ஒருவன் கையும் காலாண்டுக்கு ஒருமுறை பொருதன.

அப்போரின் நடுவே இடிபோல் வந்தது ஒரு செய்தி. கழகத்தின் அடுத்த ஆண்டு நாட்காட்டியில் ஜூலைத் திங்களுக்கு வாலாட்டியே தெரிவு செய்யப்பட்டாள். வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வருவார். டெஸ்மண்ட் கணக்கிட்டான். இருநூற்று நாற்பது உறுப்பினர். இருநூற்று நாற்பது அடுக்களை. ஒவ்வோர் அடுக்களைச் சுவரிலும் முப்பத்தொரு நாள் அக்கூட்டல் குறி கொலுவிருக்கும். அவன் அடுக்களையிலும் இருக்கும். தேநீர் கலக்கும்போதெல்லாம் அவனை அது நோக்கும்.

‘அஃது இருக்க யான் இரேன், யான் இருக்க அஃது இராது!’ என்று அவன் உள்ளத்தே ஒரு சூளுரை எழுந்து எண்டிசையும் முழங்கிற்று. ஆயின் வாய்வழி வெளிப்பட்டது இவ்வளவே:

“பாலின், செவ்வாய்க்கிழமை நமக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?”

பாலின் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. “ஒரு ஸ்க்ரூவுக்காக ஜெயிலுக்குப் போகப் போறியா டெஸ்? போறதுன்னா இப்பவே சொல்லிடு. ராத்திரிக்கு மீன் ஒண்ணு வாங்கினாப் போதும்.”

படைக்கலம் தேடிய படலத்தைச் சுருங்கச் சொல்வோம். ஸ்டாஃபர்டு உதிரிபாகச் சந்தையின் ஈரப் புல்வெளியில், துருவும் மசகும் மண்டிய தகர டப்பாக்களை முழங்கை மறையத் துழாவி, எட்டு டப்பாவில் ஏமாந்து, ஒன்பதாவதன் அடியில் ஒரு மெரிவேல் திருகாணியைக் கண்டெடுத்தான். கடல் கடைந்தோர் அமுதம் கண்டதும் இத்துணை மகிழ்ந்திரார். அதனைப் பற்பசை இட்டுத் தேய்த்து ஒளியேற்றி, பஞ்சில் பொதிந்து, இருமல் மிட்டாய் டப்பாவில் துயில வைத்தான். அடுத்து, மரக்கைப்பிடியும் மழுங்கா நுனியும் கொண்ட தன் தட்டைவாய்த் திருப்புளியை எண்ணெயிட்டு உறையிலிட்டான். அவன் தோட்டக் கொட்டகையில் திருப்புளிகள் பதினேழு, பதினேழும் தட்டைவாயின. கூட்டல் வாயுடையது ஒன்றும் அக்கொட்டகைக்குள் புகலாகாதென்பது அவன் வகுத்த அறம். கற்புடைய கொட்டகை அது.

செவ்வாய் புலர்ந்தது. போர்ப்பூக்களாம் வஞ்சியும் உழிஞையும் பூவாத நாடாதலின் கழகத்தின் தகரச் சின்னத்தை மழையங்கியில் சூடி, பாலின் பின்வர, எழுபத்தாறாம் எண் பேருந்தில் படை புறப்பட்டது. பேருந்து ஆறு நிமிடம் தாழ்ந்து வந்தது. போருக்குப் போகும் வழியிலும் அவன் அதனைக் குறித்துக்கொண்டான்.

கோட்டையைக் காத்து நின்றாள் ஒரு வீராங்கனை. மிஸஸ் டோங்க்ஸ் என்பது அவள் பெயர்; ஊதியம் வேண்டாது வாரம் மூன்று நாள் கூடம் காக்கும் தொண்டர் திலகம்; மடக்கு நாற்காலி அவள் சிங்காதனம்; குறுக்கெழுத்துப் புதிர் அவள் செங்கோல்; இருமலே அவள் போர்முரசு. எட்டடிக்கு அப்பால் ஒருவன் கை நீட்ட எண்ணினாலே போதும், அவள் ஒருமுறை இருமுவாள். நீளக் கருதிய கை சட்டைப்பைக்குள் புகும்.

“வா கண்ணு, வா. வெளிய நல்ல மழையா?” என்றாள்.

“லேசாத் தூறுதுங்க,” என்றான் டெஸ்மண்ட். அவன் காலணியினின்று வடிந்த நீர் தரையில் வாவி சமைத்தது.

“எதையும் தொட்டுடாதப்பா. போன வாரம் ஒருத்தர் ஹாரனை அமுக்கிட்டாரு. இன்னும் எனக்குக் காதுல ஙொய்யுன்னு கேக்குது.”

முற்றுகை தொடங்கிற்று. அவன் முதல் வலம் வந்தான், முரசு ஒலித்தது. இரண்டாம் வலம் வந்தான். முரசு இருமுறை ஒலித்தது. மூன்றாம் வலத்தில், பசித்த புலி புதரிடைப் பதுங்கினாற்போல், காலணி நாடா கட்டுவான் போன்று கயிற்றின் அருகே குனிந்து, வலக்கையை மெல்ல மெல்ல வாலாட்டியின் மார்பை நோக்கிச் செலுத்தினான்.

“உன் ஷூவுல நாடாவே இல்லையே கண்ணு,” என்றாள் மிஸஸ் டோங்க்ஸ்.

புலி நிமிர்ந்தது. சுவரோர இருக்கையில் அமர்ந்து குடுவையும் பொட்டலமும் பரப்பியிருந்த பாலினிடம் மீண்டது. அவள் ஒரு சாண்ட்விச்சை நீட்டினாள். “முட்டை. சண்டைக்கு வந்தவன் வெறும் வயித்தோட நிக்கக் கூடாது. ஒண்ணு சொல்லிடறேன், நீ மாட்டினா நீ யாருன்னே எனக்குத் தெரியாது. மழைக்கு ஒதுங்க வந்தேன்னு சொல்லிடுவேன்.”

அவ்வேளை மணி மூன்று அடித்தது. இந்நாட்டில் ஞாயிறு எழாதொழியினும் ஒழியும். மூன்று மணித் தேநீர் ஒழியாது. முறை மாற்ற வரவேண்டிய தொண்டர் சளி பிடித்து வீட்டில் கிடந்தார். மிஸஸ் டோங்க்ஸ் எழுந்து, கூடத்தை ஒருமுறை நோக்கி, டெஸ்மண்டை ஒருமுறை நோக்கி, பிறகு எந்தப் படைத்தலைவனும் எந்தப் பகைவனிடமும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னாள்:

“நான் கீழ போயி டீ போட்டுட்டு வந்துடறேன். பாத்தா நல்ல மனுஷனா இருக்க. பத்து நிமிஷம் இந்த வண்டிங்களைக் கொஞ்சம் பாத்துக்கிறியா கண்ணு?”

“தாராளமாங்க,” என்றது வாய், உள்ளத்தைக் கேளாமலே.

அந்தோ, விதி விரித்த வலை! ‘கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று ஒருவர் ஒப்படைத்துச் சென்ற பொருளை இந்நாட்டார் உயிரினும் மேலாய்க் காப்பர். புகைவண்டி நிலையத்தில் முன்பின் அறியாதார் விட்டுச் சென்ற பெட்டிக்குக் காவலிருந்து, தாம் ஏறவேண்டிய வண்டியைத் தவறவிட்ட சான்றோர் உளர். கோட்டையை உடைக்க வந்தவனே கோட்டைக் காவலன் ஆயினான்! வெல்ல வேண்டிய நெஞ்சு ஒருபுறமும் காக்க வேண்டிய நெஞ்சு ஒருபுறமும் நின்று கயிறிழுக்க, நடுவே டெஸ்மண்ட் மழையங்கியோடு வியர்த்தான். அந்நேரம் மஞ்சள் மழைச்சட்டை அணிந்த பெண்ணொருத்தி உள்ளே நுழைந்து பம்பிள்பீயின் இருக்கையைத் தடவக் கை நீட்டினாள். அவனை அறியாமலே அவன் தொண்டையினின்று ஓர் இருமல் புறப்பட்டது. கை மீண்டது, பெண் வெளியேறினாள். தான் ஈன்ற இருமலின் வன்மை கண்டு தானே திகைத்தான்.

ஏழு நிமிடம் கழிந்தது. அப்போது அவன் அறிவில் ஒரு மின்னல். காவலன் கடமை யாது? பொருளை அதன் பகையினின்று காத்தல். வாலாட்டியின் பகை யாது? அக்கூட்டல் குறி! எனவே, அதனைக் களையாது நிற்றலே நம்பிக்கைத் துரோகம்! இவ்வாறு அறநூல்களைத் திருகிய மாத்திரத்தே கயிற்றை அணுகினான்.

சிவந்த பட்டுக் கயிறு, முழந்தாள் உயரம், முதலை இல்லா அகழி. வலக்காலைத் தூக்கி அப்புறம் வைத்தான். இடக்கால் இப்புறம் நின்றது. இரண்டையும் ஒருபுறம் சேர்க்கும் உபாயம் எழுபத்தோர் அகவையின் இடுப்புக்கு உடனே விளங்கவில்லை.

“அப்படியே நிக்காத டெஸ்,” என்றாள் பாலின், மென்றுகொண்டே. “உன்னையும் காட்சிக்கு வெச்சிருக்காங்கன்னு யாராவது நினைச்சுக்கப் போறாங்க.”

இடக்கால் வந்தது. மண்டியிட்டான். முழங்கால் இரண்டும் வில் முறிந்தாற்போல் முறுமுறுத்தன. மழையங்கியை விலக்கி, உறையினின்று திருப்புளியை உருவினான். கூடத்து விளக்கொளி அதன் நுனியில் பட்டுத் தெறித்தது. ‘பொய்த்தலையாய், உன் காலம் முடிந்தது!’ என உள்ளம் ஆர்ப்பரிக்க, இருபத்தாறு திங்கள் அடக்கிய சீற்றமெல்லாம் மணிக்கட்டில் திரள, நுனியைக் கொண்டுபோய் அக்கூட்டல் தலையின்மேல் வைத்தான்.

பொருந்தவில்லை.

மீண்டும் வைத்தான். வழுக்கிற்று. தட்டைவாய்த் திருப்புளி ஒற்றைக்கோட்டுக்கே உரியது. கூட்டல் தலையைக் கழற்றக் கூட்டல் வாய் வேண்டும். அது அவன் கையில் இல்லை, பையில் இல்லை, கொட்டகையிலும் இல்லை. எதனை வாழ்நாளெல்லாம் வெறுத்து வாயிலில் நிறுத்தினானோ, அது இல்லாமல் அதனை வெல்ல முடியாது என்னும் உண்மை அவன்மேல் மலைபோல் வீழ்ந்தது. நகத்தால் முயன்றான், நகம் முறிந்தது. வீட்டுச் சாவியால் முயன்றான், சாவி வளைந்தது. பாலினின் தேக்கரண்டிக் காம்பை இரந்து பெற்றான். அது வட்டமாய்ச் சுழன்றதேயன்றித் திருகாணி அசையவில்லை. பழியுற்ற அத்திருகாணி, தன் நாற்பிளவு வாயால் நகைப்பதுபோல் அவனுக்குத் தோன்றிற்று.

“ஒரு பிளஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்!” என்றாள் பாலின். “டோஸ்டர் ரெண்டு வருஷமா உசுரில்லாம கிடக்கு. கொட்டகை தீட்டுப்பட்டுடும்னியே, இப்ப என்ன ஆச்சு?”

மறுமொழி கூற அவன் வாய் திறந்தான். வாயிலில் மிஸஸ் டோங்க்ஸ் நின்றாள். அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு கோப்பை. இரண்டாவது அவனுக்கு.

அத்தேநீரைக் கண்டபோது அவன் உள்ளம் வாள் தைத்தாலும் உறாத புண்ணுற்றது. நம்பி விட்டுச் சென்றாள். நம்பியவனுக்குத் தேநீரும் கொணர்ந்தாள். அவனோ கயிற்றுக்கு உள்ளே, கையில் கரண்டியோடு.

“மிஸஸ் டோங்க்ஸ்,” என்றான், “நான் திருட வரலைங்க. இந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் தப்பா இருக்குங்க. சரியானது கொண்டுவந்திருக்கேன். போலீசைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இதை மாத்திடறேன்.”

அவள் தட்டை நாற்காலியில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பெயர்த்தகட்டை உற்று நோக்கினாள். அவள் முகம் சிவந்தது.

“அய்யோ கண்ணு. அது நான் போட்டது.”

ஆல்டர்மனின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் மூடியில் வீழ்ந்த ஓசை கேட்டது.

“ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தூசி தட்டும்போது ஒண்ணு கழண்டு விழுந்துச்சு, குனியறதுக்குள்ள தூசி உறிஞ்சற மெஷின் அதை முழுங்கிடுச்சு. பையைக் கொட்டி முழுக்கத் தேடினேன், கிடைக்கல. வெளிய தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாங்களேன்னு, கீழ டீ பாய்லர் மூடியில இருந்து ஒண்ணைக் கழட்டி மாட்டிட்டேன். யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.” சற்று நிறுத்தி, “அந்த ஏழு லெட்டரும் நீதானா?” என்றாள்.

“நான்தாங்க.”

“ஒவ்வொண்ணும் ஆபீஸ் மேசையில கிடக்கும்போது படிச்சுட்டு, ராத்திரி தூங்க மாட்டேன். நீ அன்னைக்கே நேர்ல வந்து கேட்டிருந்தா கழட்டிக் குடுத்திருப்பேனே கண்ணு!”

பழிகாரன் என்று ஊரறியச் சாடப்பட்ட நெவில் காட்ரல் குற்றமற்றவன்! அவன் நான்கையும் ஒற்றைக்கோடாகவே பூட்டினான். கண்ணும் பிழைக்கவில்லை, கையும் பிழைக்கவில்லை. பிழைத்தது தூசி உறிஞ்சும் பொறி. இவ்வுண்மையை எண்ணி நைவதற்குள், மிஸஸ் டோங்க்ஸ் தன் மேலங்கிப் பையைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினாள். கிறிஸ்துமஸ் விருந்தில் இருவர் இருபுறமும் பற்றி இழுத்து வெடிக்கும் காகிதக் குழலினுள்ளிருந்து, காகித மகுடத்தோடும் கடி நகைச்சுவையோடும் வீழும் பரிசுப்பொருள் வகையைச் சேர்ந்தது அது: விரல் நீளம், ரோஜா வண்ணப் பிளாஸ்டிக் கைப்பிடி, கூட்டல் வாய்.

வாளும் வேலும் ஏந்திய கைகள் வரலாற்றில் பல. ரோஜாநிறக் குறுந்திருப்புளியை ஏந்திய கை இஃதொன்றே. பகையின் படைக்கலத்தை வாங்கி, கூட்டல் தலையில் நுழைத்தான். தாய்மடி புகுந்த கன்றெனப் பொருந்திற்று. ஒரு சுற்று, இரு சுற்று, பதினொரு சுற்று. பொய்த்திருகாணி அவன் இடக்கையில் வீழ்ந்தது. அவ்விடத்தே மெய்த்திருகாணியை இருத்தி, தன் குலத் தட்டைவாயால் முறுக்கி, மற்றை மூன்றின் கோடும் போல் அதன் கோடும் நெட்டுயர நிற்குமாறு, மயிரிழை வலம், மயிரிழை இடம் எனத் திருத்தி நிறுத்தினான். நான்கு கோடும் நான்கு வேல்வீரர்போல் நிமிர்ந்து நின்றன. வாகை சூடினான் வள்ளல்!

சூடியவன் எழ முயன்றான். முழங்கால்கள் ஒருப்படவில்லை.

அவ்வமயத்தே படிக்கட்டில் காலடியோசை எழுந்தது. மறுநாள் புகைப்படத்துக்காக வாலாட்டியைத் துடைத்து மெருகேற்ற, கையில் மஞ்சள் துணியோடு, நரைமீசையோடு, இருபத்தாறு திங்கள் கழித்து வந்து நின்றான் நெவில் காட்ரல். வந்தவன் கண்டது யாது? தன்னைப் பழித்த டெஸ்மண்ட் ஹக்கர்பி, தான் புதுக்கிய ஸ்கூட்டரின் முன், இரு முழந்தாளும் தரையிற்பட, தலை தாழ்ந்து கிடக்கும் காட்சியை!

மஞ்சள் துணி தாழ்ந்தது.

“டெஸ்மண்ட்,” என்றான். “எந்திரிப்பா. மண்டி போடற அளவுக்கு நான் ஒண்ணும் பெருசாப் பண்ணிடலையே.” பிறகு குனிந்து பெயர்த்தகட்டை நோக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என விரலால் எண்ணினான். “பாத்தியா? நாலும் மைனஸ். ரெண்டு வருஷமா நான் என்ன கத்திக்கிட்டிருந்தேன்?”

டெஸ்மண்டின் மூடிய இடக்கைக்குள் கூட்டல் தலைத் திருகாணி கனன்றது. கையைத் திறந்தால் போதும். அவன் கண் மெய்க்கண் என நாடறியும். ஏழு மடலும் காலாண்டிதழ்ச் சாடல்களும் பொருளுடையவை ஆகும். நிமிர்ந்தான். நெவிலின் தோளுக்குப் பின்னே மிஸஸ் டோங்க்ஸ் நின்றாள். அவள் இருமவில்லை. இரு கையாலும் தேநீர்க் கோப்பையை அதன் சிறுதட்டோடு பற்றியிருந்தாள். அதில் ஒரு மிடறும் பருகவில்லை.

யானையை வெல்வது அரிது. பகைவனை வெல்வது அதனினும் அரிது. தான் சொன்னதே மெய் என்று நிறுவும் வாய்ப்பு உள்ளங்கையில் கிடக்க, அக்கையை மூடிக்கொண்டே இருப்பது, கேண்மினோ கேண்மின், பேருந்து அட்டவணை வகுத்த ஒருவனுக்கு மும்மடங்கு அரிது.

“ஆமா நெவில்,” என்றான் டெஸ்மண்ட். “நான்தான் சரியாப் பாக்கல.”

“இதழ்ல எழுதுவியா?”

“எழுதறேன்.”

“பெயர் போட்டு?”

“பெயர் போட்டு.”

“கண் டாக்டரைப் பாத்தியா?”

“இதுக்கு மேல போகாத நெவில்,” என்றாள் பாலின், இருக்கையிலிருந்து.

நெவில் ஒரு தோளும் பாலின் ஒரு தோளும் பற்றித் தூக்க, சாய்ந்த கொடிமரம் நிமிர்வதுபோல் வீரன் நிமிர்ந்தான். கயிற்றைக் கடக்கையில் இம்முறை இரு காலும் ஒழுங்காய் வந்தன. தேநீர் வாங்கும் சாக்கில் மிஸஸ் டோங்க்ஸின் கோப்பைத் தட்டில் தன் இடக்கையில் மூடியிருந்ததை மெல்ல வைத்தான். அவள் அதனைப் பையில் இட்டு, “இது ஆறிடுச்சு, உனக்கு வேற போட்டுத் தரேன் கண்ணு, பிஸ்கட்டும் இருக்கு,” என்றாள். அன்றிரவே அவன் காலாண்டிதழுக்கு ஆறு வரி எழுதினான். ஆறாவது வரியை எழுத மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்தபின் பாலின் எட்டிப் படித்து, அவன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு உறங்கப் போனாள்.

அவன் பெயர் போனால் என்? வாலாட்டியின் மார்பு மாசு போயிற்று! புதன் புலர்ந்தது, மழை விலகியது, ஞாயிறு தன் ஆயிரம் கதிரையும் மேல்மாடத்துச் சாளரம் வழியே நீட்டிற்று, நான்கு திருகாணியின் நான்கு கோடும் நெட்டுயர நின்று, இருநூற்று நாற்பது அடுக்களையில் முப்பத்தொரு நாள் பேரொளி பரப்பும் பெருந்திருவுக்கு ஆயத்தமாயின, வாயிலோரம் மழையங்கியோடு டெஸ்மண்ட் மூச்சடக்கி நிற்க, பம்பிள்பீயும் டார்மவுஸும் ஆல்டர்மனும் எண்ணெய் சொட்டுதலையும் மறந்து நிற்க, நாற்றிசைக் காவலரும் நிற்க, பத்து மணிக்குக் கதவு திறந்தது.

வந்த புகைப்படக்காரர், அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று, வண்டியைப் பின்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.